லயத்து விலாசமும் இயந்திரத்து விலாசமும்



மலைநாட்டுத் தோட்டமொன்றுக்கு வரும் கடிதத்தின் பயணத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கொழும்பிலே தபாற் பெட்டியில் இடப்பட்ட அக்கடிதம் பல கைகள் மாறி ஹட்டன் தபாலகத்தை வந்தடைகிறது. அதுவரையில் அதற்கு யாதோர் இடையூறுமில்லை. உறையின் மேல் ஊரின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஹட்டனுக்கு 22000 என்றும், நுவரெலியாவுக்கு 22200 என்றும் தபாற் குறியீடு வேறு இருக்கிறது. தபாலகத்திலிருந்து தோட்டத்துக் காரியாலயம் வரைக்கும்கூடத் தடையில்லை. தோட்டத்தின் தபால்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைப்பாதை ஏறிச் சென்று அதனைச் சேர்த்துவிடுவார்.

அதற்கு அப்பால்தான் கேள்வி பிறக்கிறது. உறையிலே மாரியாயி என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்தத் தோட்டத்திலே மாரியாயி எத்தனை பேர்? மேற்கணக்கில் ஒருத்தி, கீழ்க்கணக்கில் இருவர், புதுமலை லயத்தில் ஒருத்தி. இவர்களுள் கடிதத்துக்கு உரியவள் யார்? அவள் இருப்பது எந்த லயம்? எந்தக் காம்பிரா?

பழைய நாளில் இதற்கு ஒரு வழி இருந்தது. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் யாவரும் கூடியிருக்கும்போது, கணக்கப்பிள்ளை உரத்த குரலிலே பெயரைக் கூவுவார். கூட்டம் முழுவதும் அதனைக் கேட்கும். உரியவள் மட்டும் முன்வந்து, "நான்தானுங்க" என்பாள். மற்றோர் வாளாவிருப்பர். கடிதம் கைமாறும். மறுமுறை கடிதம் வந்தால் கூவவேண்டியதில்லை. இன்னாருக்கு இன்ன காம்பிரா என்பது கணக்கப்பிள்ளையின் நினைவிலே பதிந்துவிடும்.

இன்றைய பேச்சு கடிதத்தைப் பற்றியதன்று, கணினிகளைப் பற்றியது. ஆயினும் கேள்வி ஒன்றே. பாடசாலை ஒன்றில் இருபது கணினிகள் ஒரே வலையமைப்பில் இணைந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்குச் செய்தியொன்று வருகிறது. அது உரிய இயந்திரத்தின் வாசலை எவ்வாறு கண்டுபிடிக்கிறது? பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை செய்ததையே கணினிகளும் செய்கின்றன என்று கூறினால் நேயர்கள் வியப்படையக்கூடும். உண்மை அதுதான்.

கணினி ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலாசங்கள் உண்டு. ஒன்று, அது இருக்குமிடத்தைப் பொறுத்து வழங்கப்படுவது. இதனை ஐ.பி. விலாசம் என்பர். புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களால் இது எழுதப்படும். 192.168.1.10 என்பது ஓர் உதாரணம். மற்றது, இயந்திரத்தின் வலையமைப்புப் பகுதியைச் செய்த தொழிற்சாலையிலேயே அதனுள் பதிக்கப்படுவது. இதனை மாக் விலாசம் என்பர். வன்பொருள் விலாசம் என்றும் இதனைக் கூறலாம்.

முதலாவது விலாசம் 'ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பிரா' என்பதைப் போன்றது. ஐந்தாம் லயம் ஒரு தோட்டத்தில் மட்டுமா இருக்கிறது? கொட்டகலையிலும் இருக்கும், தலவாக்கலையிலும் இருக்கும். 192.168 என்று தொடங்கும் எண்களும் அப்படியே. 1996ஆம் ஆண்டு வெளியான ஓர் ஏற்பாட்டின்படி, இவ்வெண்களை உலகத்தின் எந்த வீடும், எந்தப் பாடசாலையும், எந்தக் காரியாலயமும் தன் எல்லைக்குள் தடையின்றி வைத்துக்கொள்ளலாம். எல்லைக்கு வெளியே அவற்றுக்குப் பொருளில்லை. இயந்திரம் இடம் மாறினால் இவ்விலாசமும் மாறும். குடும்பம் ஒரு லயத்திலிருந்து வேறு லயத்துக்குக் குடிபெயர்ந்தால் காம்பிரா இலக்கம் மாறிவிடுவதைப் போல.

இரண்டாவது விலாசம் இடத்தைப் பொறுத்ததன்று. அது பன்னிரண்டு குறிகளைக் கொண்டது. சுழியம் முதல் ஒன்பது வரையுள்ள எண்களும், ஏ முதல் எஃப் வரையுள்ள ஆறு ஆங்கில எழுத்துக்களும் அக்குறிகளாகும். ஆகப் பதினாறு குறிகள்; பன்னிரண்டு இடங்கள். இவற்றைக் கொண்டு 281 இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட வெவ்வேறு விலாசங்களை அமைக்கலாம். பன்னிரண்டில் முதல் ஆறு குறிகள் அப்பகுதியைச் செய்த நிறுவனத்தைக் காட்டுவன. ஐ.இ.இ.இ. எனப்படும் மின், மின்னணுப் பொறியியலாளர் சங்கம் அவற்றை நிறுவனங்களுக்குப் பங்கிட்டு வழங்குகிறது. எஞ்சிய ஆறு குறிகள் அந்நிறுவனம் தன் உற்பத்திகளுக்கு இடும் தொடரிலக்கம். முதல் ஆறு குறிகளாலாகிய ஒரு தொகுதியைப் பெற்ற நிறுவனம், 1 கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களுக்குத் தனித்தனி இலக்கம் இடலாம்.

இம்முறையின் வரலாறு சுவையானது. 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவரும் அவருடைய தோழர் டேவிட் பாக்ஸும் ஒரே கட்டடத்தில் உள்ள கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் என்னும் முறையை உருவாக்க முற்பட்டனர். அந்தப் பரிசோதனை நிலையில் இயந்திரத்தின் விலாசம் மிகச் சிறியது. 256 விலாசங்களுக்கு மேல் அதில் இடமில்லை. ஒரு கட்டடத்துக்கு அது போதும். உலகத்துக்குப் போதுமா? 1980ஆம் ஆண்டு இம்முறையைப் பொதுவிதியாக வெளியிட்டபோது, இன்று வழங்கும் நீண்ட விலாசத்தை அமைத்துக்கொண்டனர்.

இரண்டு விலாசங்கள் இருந்தால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அறிய வழி வேண்டுமல்லவா? அவ்வழியை 1982ஆம் ஆண்டு நவம்பரில் டேவிட் பிளம்மர் என்பவர் ஒரு சிறு குறிப்பாக எழுதி வெளியிட்டார். விலாசத் தீர்வு விதி என்று அதனைத் தமிழிற் கூறலாம். ஆர்ப் என்பது அதன் ஆங்கிலச் சுருக்கம். நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் நம்முடைய பாடசாலைகளிலும் வீடுகளிலும் அவ்விதியே நடைமுறையில் இருக்கிறது.

அது நடைபெறும் வகையைப் பார்ப்போம். ஆசிரியரின் கணினி ஓர் அச்சுப்பொறிக்குப் பாடமொன்றை அனுப்ப விரும்புகிறது. அச்சுப்பொறியின் ஐ.பி. விலாசம் 192.168.1.10 என்பது அதற்குத் தெரியும். வன்பொருள் விலாசம் தெரியாது. உடனே அது வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி ஒரு கேள்வியை விடுக்கிறது. "192.168.1.10 யாருடையது? எனக்குச் சொல்லுங்கள்" என்பதே அக்கேள்வி. பன்னிரண்டு இடங்களிலும் எஃப் என்னும் எழுத்தே நிரம்பிய விலாசத்துக்கு அது அனுப்பப்படும். அவ்விலாசத்துக்கு 'யாவருக்கும்' என்று பொருள். வானொலியில் ஒலிபரப்புச் செய்வதும் இவ்வாறுதானே? பெட்டி வைத்திருப்போர் அனைவரும் கேட்கின்றனர். கணினி அறிஞரும் இதற்கு ஒலிபரப்பு என்ற பெயரையே வைத்திருக்கின்றனர்.

கேள்வியை எல்லா இயந்திரங்களும் கேட்கின்றன. உரிய அச்சுப்பொறி மட்டும் மறுமொழி கூறுகிறது. அம்மறுமொழி யாவருக்கும் செல்வதில்லை. கேட்டவருக்கு மட்டுமே செல்கிறது. ஆசிரியரின் கணினி அவ்விடையை ஒரு சிறு அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. சில நிமிடங்கள் வரை அக்குறிப்பு இருக்கும். பின்னர் அழிந்துபோகும், தேவைப்பட்டால் மீண்டும் கேட்கப்படும். ஒரு குறிப்பை என்றென்றும் வைத்திருந்தால், இயந்திரம் மாறிய பின்னும் பழைய வாசலிலேயே கடிதம் போடப்பட்டுக்கொண்டிருக்கும் அன்றோ?

இன்னொன்றையும் இங்கே கூறவேண்டும். இந்தக் கூக்குரல் வலையமைப்பின் எல்லையைத் தாண்டாது. எல்லையிலே ரவுட்டர் என்னும் கருவி காவல் நிற்கிறது. கொழும்பிலுள்ள கணினிக்குச் செய்தி அனுப்பவேண்டுமாயின், ஹட்டனிலுள்ள கணினி ரவுட்டரின் வன்பொருள் விலாசத்தைக் கேட்டறிந்து, செய்தியை அதன் கையிலே கொடுத்துவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு கட்டத்திலும் வன்பொருள் விலாசம் மாற்றி எழுதப்படும், சேருமிடத்தின் ஐ.பி. விலாசம் மாறாது. தபாற்பைகள் நிலையத்துக்கு நிலையம் மாறினும் உறையில் எழுதிய விலாசம் மாறாதிருப்பதற்கு இது ஒப்பாகும். ஆகவே ஹட்டனிலுள்ள இயந்திரத்தின் பன்னிரண்டு குறிகளைக் கொழும்பிலிருப்போர் இவ்வழியே அறிய இயலாது. உள்ளே இருப்பவரே அறிய முடியும்.

தோட்டத்தின் எல்லையும் ஒரு காலத்தில் இவ்வாறே இருந்தது. உத்தரவின்றி வெளியார் உள்ளே புக முடியாது. உள்ளே யார் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை வெளியார் அறியவும் முடியாது. அக்காலத்தில் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியைப் போல வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பது மலையக வரலாறு அறிந்தோர் யாவரும் அறிந்த செய்தி. 1931ஆம் ஆண்டு தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவரும் அவரே. உள்ளே சென்று பார்த்தவருக்குத்தான் உண்மை தெரிந்தது.

இனி, இந்த அறிவு நமக்கு எதற்காக வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு கற்பனைப் பாடசாலையைக் கொண்டு அதனை விளக்குவோம். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே ஒரு தோட்டப் பாடசாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி அறையில் பதினைந்து கணினிகள். காரியாலயத்தில் ஒன்று. அச்சுப்பொறி ஒன்று. இவை அனைத்துக்கும் நடுவே ஒரு ரவுட்டர். ஆகப் பதினெட்டு. மாதம் ஒன்றுக்கு அளந்து வாங்கும் இணையப் பொதி, பத்தாம் தேதிக்குள்ளேயே தீர்ந்துபோகிறது. பிள்ளைகள் பரீட்சைக்கு வேண்டிய வினாத்தாள்களை இறக்கிக்கொள்ள வழியில்லை.

யார் மேல் சந்தேகம் விழும்? கையில் தொலைபேசி வைத்திருக்கும் ஒரு மாணவன் மேல் விழுகிறது. கடவுச்சொல்லை எப்படியோ அறிந்துகொண்டு படம் பார்க்கிறான் என்கிறார் ஒருவர். அவன் முகமே காட்டிக்கொடுக்கிறது என்கிறார் மற்றொருவர். கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தில் தாய் வாங்கிக் கொடுத்த தொலைபேசி அது. 2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, லயத்துப் பிள்ளைகள் பலர் ஒரு தொலைபேசியைச் சுற்றியிருந்து பாடம் கேட்டதை யாவரும் அறிவர். அத்தகைய ஒரு தொலைபேசியே இப்போது அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. அடுத்த நாள் தாயை அழைத்து வரும்படி சொல்லியாயிற்று. ஒரு நாட்கூலியை இழந்து அவள் வரவேண்டும்.

அன்று மாலை, கணினி கற்பிக்கும் இளம் ஆசிரியை, குற்றஞ்சாட்டுவதற்கு முன் எண்ணிப் பார்ப்போம் என்று கூறுகிறார். அவர் செய்வது மிக எளிய காரியம். முதலிலே 192.168.1.1 தொடங்கி 254 வரையுள்ள எல்லா விலாசங்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடும்படி தமது கணினிக்குக் கட்டளையிடுகிறார். இதற்கென்றே சிறு மென்பொருள்கள் உண்டு. சில இயந்திரங்கள் சாதாரண அழைப்புக்கு மறுமொழி கூறாமல் மறைந்துகொள்ளும். ஆயினும் 'இவ்விலாசம் யாருடையது?' என்ற கேள்விக்கு அவை பெரும்பாலும் மறுமொழி கூறியே ஆகவேண்டும். கூறாவிடின் அவற்றுக்குச் செய்தி எதுவும் வந்து சேராது. பிரட்டுக்குப் போகாதவனுக்குப் பேர் இல்லை என்பது தோட்டத்து வழக்கு. இங்கும் அப்படியே.

பின்னர் ஆர்ப் என்ற சொல்லையும், ஒரு சிறு கோட்டையும், ஏ என்ற எழுத்தையும் தட்டுகிறார். திரையிலே அட்டவணை தோன்றுகிறது. ஒரு பக்கம் ஐ.பி. விலாசம், மறுபக்கம் பன்னிரண்டு குறிகள். இந்த அட்டவணையிலே தமது கணினி இராது என்பதை அவர் அறிவார்; ஒருவர் தம்மையே கூவி அழைப்பதில்லையே. அதனையும் சேர்த்து எண்ணுகிறார். பதினெட்டு இருக்கவேண்டிய இடத்தில் பத்தொன்பது இருக்கின்றன.

அடுத்ததாக ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அறை முழுவதும் நடக்கிறார். ஒவ்வொரு கணினியிலும் அதன் வன்பொருள் விலாசத்தைப் பார்த்து எழுதுகிறார். அச்சுப்பொறிக்குப் பின்னால் ஒட்டப்பட்டுள்ள துண்டிலே அதன் விலாசம் அச்சிடப்பட்டிருக்கிறது. ரவுட்டரின் அடியிலும் அவ்வாறே. பதினெட்டும் அட்டவணையோடு ஒத்துப்போகின்றன. எஞ்சியது ஒன்று. அதன் முதல் ஆறு குறிகளைப் பொதுப் பதிவேட்டிலே தேடுகிறார். தொலைக்காட்சிப் பெட்டிகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் பெயர் வருகிறது.

பழைய மாணவர்கள் நன்கொடையாக அளித்த தொலைக்காட்சி பாடசாலை மண்டபத்தில் இருக்கிறது. விழாவன்று வலையமைப்பில் இணைத்துவிட்டு எவரும் அதனைத் துண்டிக்கவில்லை. ரவுட்டரின் கணக்கைப் பார்த்தபோது, பொதியின் பெரும்பகுதி இரவு வேளைகளில் அந்தப் பெட்டிக்கே சென்றிருக்கிறது. ஆளற்ற மண்டபத்திலே அது தன்பாட்டில் மென்பொருளையும் படங்களையும் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. மறுநாள் காலையில் அந்தத் தாய் வந்தபோது அவளிடம் கூறுவதற்கு ஒரு குற்றமும் இருக்கவில்லை. மன்னிப்பு ஒன்றே இருந்தது.

இது கற்பனைக் கதைதான். ஆயினும் இதிலே கூறப்பட்ட ஒவ்வொரு படியும் எந்தப் பாடசாலையிலும் செய்யத்தக்கது. செலவில்லை. ஒரு மாலைப்பொழுதும் ஒரு கொப்பியும் போதும்.

எனினும் இந்த அறிவுக்கு எல்லைகள் உண்டு. அவற்றை அறியாமல் இதனைக் கையாள்வது, அறியாமையைக் காட்டிலும் ஆபத்தானது.

முதலாவது, இது இயந்திரத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது. ஒரு கணினியின் விலாசம் கிடைத்துவிட்டால், அதன் முன் அமர்ந்திருந்தவர் யாரென்று அதனாலேயே சொல்லிவிட முடியாது. ஒரு தொலைபேசியை மூன்று சகோதரர் மாறிமாறிப் பயன்படுத்தும் லயத்திலே, விலாசத்தைக் கொண்டு பிள்ளையைத் தண்டிப்பது அநீதியாகும்.

இரண்டாவது, இப்போதைய கைத்தொலைபேசிகள் தம் உண்மையான வன்பொருள் விலாசத்தை வெளியிடுவதில்லை. மக்கள் செல்லுமிடமெல்லாம் அவர்களைத் தொடர்ந்து கண்காணிக்கச் சிலர் அவ்விலாசத்தைப் பயன்படுத்தத் தொடங்கியதே இதற்குக் காரணம். 2019ஆம் ஆண்டு வெளிவந்த அண்ட்ராய்டின் பத்தாம் பதிப்பும், 2020ஆம் ஆண்டு வெளிவந்த ஐபோன் மென்பொருளின் பதினான்காம் பதிப்பும் வலையமைப்புக்கு வலையமைப்பு வேறு விலாசத்தைப் புனைந்து காட்டுவதை வழக்கமாக்கிவிட்டன. அத்தகைய புனைவிலாசத்தை அறிய ஓர் அடையாளம் உண்டு. பன்னிரண்டு குறிகளில் இரண்டாவது குறியைப் பாருங்கள். அது 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாயின், அவ்விலாசம் தொழிற்சாலையில் பதித்ததன்று, பின்னர் வைத்துக்கொண்டது. அதன் முதல் ஆறு குறிகளைப் பதிவேட்டில் தேடுவதிற் பயனில்லை. ஆதலின் அட்டவணையில் ஒரு தொலைபேசியின் உண்மை விலாசம் காணப்படவில்லை என்பது மட்டுமே குற்றமின்மைக்குச் சான்றாகாது. அறியாத விலாசம் ஒன்று காணப்பட்டது என்பது மட்டுமே குற்றத்துக்கும் சான்றாகாது.

மூன்றாவது, கூவியழைக்கும் இம்முறையில் சோதனை இல்லை. "நான்தான்" என்று எவன் முதலில் சொன்னாலும் கணினி நம்பிவிடும். பிறர் பெயரைச் சொல்லிக் கடிதத்தை வாங்கிச் செல்லும் கள்வனைப்போல, ஓர் இயந்திரம் மற்றோர் இயந்திரத்தின் செய்திகளைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளலாம். ஆகையால், கடைத்தெருவிலோ புகையிரத நிலையத்திலோ இலவசமாகக் கிடைக்கும் வலையமைப்பில் வங்கி அலுவல்களைச் செய்வோர், பூட்டுக் குறியுடைய பாதுகாப்பான தளங்களை மட்டுமே நாடவேண்டும். உறையை வேறொருவன் வாங்கினாலும் உள்ளே இருப்பதை வாசிக்க முடியாதவாறு அப்பூட்டு காக்கும்.

நான்காவது, பிறருடைய வலையமைப்பில் இவ்வாறு தேடிப் பார்ப்பது முறையன்று. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இந்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. தன் வீட்டிலும், பொறுப்பாளரின் அனுமதியுடன் பாடசாலையிலும் தேடலாம். அயல்வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாகாது.

நேயர்களே, எண்ணைக் கொண்டு அடையாளம் காணும் வழக்கம் மலைநாட்டுக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்கு 'டின் டிக்கெட்' எனப்பட்ட ஒரு தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்குச் செல்ல வேண்டியவர் என்பதை அதில் இருந்த குறியே சொல்லும். ஆளுக்கு ஒரு தொடரிலக்கமும் உண்டு. முற்பாதி தோட்டம், பிற்பாதி தொடரிலக்கம். கணினியின் விலாசத்தில் முற்பாதி செய்த நிறுவனம், பிற்பாதி தொடரிலக்கம். ஒற்றுமை தெளிவாகவே தெரிகிறது. வழியிலே அவருக்கு ஏற்பட்ட செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்கு அத்தகரம் உதவியது. அவர் யாருடைய மகன், எந்த ஊரார், எதில் வல்லவர் என்பதை அது சொல்லவில்லை.

பின்னர் 'துண்டு' என்ற சீட்டு முறையும் இருந்தது. கடன் தீர்ந்தது என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு இல்லாவிடின் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921ஆம் ஆண்டு அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராகிய மக்கள், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தபோது, இத்தனை ஆண்டுகள் இந்நாட்டில் இடையறாது வசித்தோம் என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்தவர்களிடம், வசித்ததற்குச் சான்று எங்கே என்று கேட்கப்பட்டது. தோட்டத்துக் காரியாலயத்தின் பதிவேட்டில் அவர்களுக்கு இலக்கம் இருந்தது. அவர்கள் கையில் விலாசம் இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் அதன் பின்வந்த பிரிவுத் துயரும் யாவரும் அறிந்தவை. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது.

குடியுரிமை வந்தது, விலாசம் முழுமையாக வந்துவிட்டதா? இன்றும் பல தோட்டங்களிலே லயத்துக் காம்பிராவுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதங்கள் தோட்டத்துக் காரியாலயத்தின் வழியாகவே வருகின்றன. நேர்முகப் பரீட்சைக்கு வருமாறு எழுதிய கடிதம், பரீட்சை முடிந்த பின் கைக்கு வந்த துயரத்தை மலைநாட்டிலே கேளாதார் யார்? தோட்டத்துக்கே இரண்டு பெயர்கள். ஒலிரூட், சென் கிளேயர் என்று வெள்ளைக்காரத் துரைமார் இட்ட பெயர்கள் பதிவேட்டிலே இருக்கும். தொழிலாளர் நாவிலே வழங்கும் தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். எந்தப் பெயரை எழுதினால் கடிதம் சேரும் என்பதை அறிவதே ஒரு கல்வியாக இருந்தது.

புதிய வீடுகள் 7 பேர்ச் காணியில் தனித்தனியாக எழும்பியுள்ள இடங்களிலே நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. வாசலில் ஓர் இலக்கம், பாதைக்கு ஒரு பெயர், தபால்காரர் நேரே வந்து நிற்கும் ஒரு முற்றம். இவை சிறிய காரியங்களாகத் தோன்றலாம். விலாசம் இல்லாமல் வாழ்ந்தவருக்கு அவற்றின் பெறுமதி தெரியும்.

இயந்திரங்களுக்கு விலாசம் அமைத்த அறிஞர், உலகத்தில் இனிச் செய்யப்படும் எந்த இயந்திரமும் விலாசமின்றி நிற்கலாகாது என்று எண்ணி, 281 இலட்சம் கோடி இடங்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தனர். உயிரற்ற பொருளுக்கு அத்தனை முன்னேற்பாடு. மலைநாட்டில் லயத்து வீடுகளை எண்ணுவதற்கு அத்தனை பெரிய எண் தேவைப்படாது.

ஆதலால் இன்றைய பேச்சின் முடிவில் இரண்டு வேண்டுகோள்கள். கணினி அறையுள்ள ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு கொப்பியை வைத்து, ஒவ்வோர் இயந்திரத்தின் பெயரையும், அது இருக்குமிடத்தையும், அதன் பன்னிரண்டு குறிகளையும் எழுதி வையுங்கள். அந்த வேலையை மாணவரிடமே கொடுங்கள். கூவியழைத்து விடை பெறும் அந்த அழகிய முறையை அவர்கள் கண்ணாலே காணட்டும். பின்னர் அதே மாணவர், அதே கொப்பியின் மறுபக்கத்தில், தம் தோட்டத்தின் லயங்களையும் காம்பிராக்களையும் வரைபடமாக வரைந்து, இலக்கமிட்டு, பெரியவர்களின் ஒப்புதலோடு தபாலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் காட்டட்டும். அட்டவணையில் பெயர் இருந்தால் கடிதம் தேடி வரும் என்பதை அவர்கள் கணினியிடமிருந்தே கற்றிருப்பார்கள்.